எப்படி நின்னுது தம்பி? டிராக்டர் நின்று நின்று போனால் பார்க்கும் முறை

மேட்டூர் திறந்து எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் என் போன் ஓயாது. மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வேலை பார்க்க ஆரம்பித்து 27 வருடம் ஆகிறது. குறுவைக்குச் சேறடிக்கும் நாட்களில் அடிக்கடி கேட்கும் குரல் இதுதான்: "அண்ணே, வண்டி நின்னு நின்னு போவுது."

நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான். "எப்படி நின்னுது தம்பி?"

"எப்படின்னா... நின்னு போச்சுண்ணே."

இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் வண்டி நின்றதும் பதறிப்போய், டீசல் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி டவுனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சீசனில் பம்ப் கடையில் நான்கைந்து நாள் காத்திருக்க வேண்டும். பில்லும் ஆயிரக்கணக்கில் வரும். திரும்பி வந்து மாட்டினால் வண்டி அதே இடத்தில் அதே மாதிரி நிற்கும். இதைப் பல வயல்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு விவசாயிக்கு ஐந்து நாள் போவது சின்ன விஷயம் இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பம்ப்பைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் நீங்களே வரப்பில் நின்று பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது.

நான் சொல்லப்போவது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு. 1951-ல் தொடங்கிய மைக்கோ என்ற பம்ப் கம்பெனி, 2008-ல் பாஷ் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. ஆனால் எங்கள் பட்டறையில் அது இன்றைக்கும் மைக்கோ பம்ப்தான். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023-ல் புதிய புகை விதி வந்தபிறகு, அந்த வகையில் கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் இன்ஜின்கள் வந்துவிட்டன. அதில் பைப்புக்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கு (அழுத்த அளவு) மேலே போகும். அந்த வண்டியில் நாசில் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) பைப் நட்டைத் தொடவே கூடாது. ஃபில்டரில் தண்ணீர் வடிப்பதோடு நிறுத்திக்கொண்டு கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள்.

நிற்கும் விதம்

டீசல் இன்ஜினில் பிளக் இல்லை, கரண்ட் தீப்பொறி இல்லை. காற்றை அழுத்தி அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் எரிகிறது. ஆகவே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றால் டீசல் வரவில்லை, அல்லது காற்று வரவில்லை, அல்லது சுற்றவே முடியாமல் ஏதோ பிடித்துவிட்டது. எது என்று அது நிற்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

சாவியை அணைத்தது போலப் பொட்டென்று நின்றால், நிறுத்தும் ஏற்பாட்டின் மேல் சந்தேகப்படுங்கள். ஸ்டாப் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். சாவியிலேயே அணைக்கிற வண்டி என்றால் பம்ப் மேலே ஒரு சொலினாய்டு (கரண்டில் டீசலைத் திறந்து மூடும் கருவி) இருக்கும். அதற்குப் போகும் ஒற்றை வயர் தளர்ந்திருந்தால் குலுக்கலில் விட்டுவிட்டுப் பிடிக்கும். இன்ஜின் ஓடும்போது அந்த வயரைக் கையால் லேசாக ஆட்டிப் பாருங்கள், அது போதும்.

சத்தம் ஏறி இறங்கி, ஊய் ஊய் என்று இழுத்து, ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் வாங்காமல், கரும்புகை இல்லாமல் நின்றால் டீசல் பட்டினி. வயலில் நான் பார்க்கும் கேஸ்களில் அதிகம் இதுதான். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியும் அதற்குத்தான்.

லோடு போட்டதும் கரியைக் கக்கி அமுங்கி நின்றால் காற்றுப் பக்கம் பாருங்கள். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஆழமாக இறக்கி, தப்பான கியரில் போட்டாலும் இப்படித்தான் ஆகும். இதில் இன்ஜினின் குற்றம் எதுவும் இல்லை.

சூடானபிறகு நின்று, செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றவே மறுத்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஆயில் ஸ்டிக்கையும் ரேடியேட்டரையும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். பிடித்துக்கொண்ட இன்ஜினை மறுபடி மறுபடி செல்ஃப் அடித்தோ தள்ளியோ கிளப்பப் பார்த்தால், சின்னச் செலவில் முடியவேண்டியது கிராங்க் வரை போகும்.

இன்னும் நான்கு விஷயம் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: கிளப்பி எத்தனை நிமிடத்தில் நின்றது, எத்தனை நிமிடம் விட்டபிறகு மறுபடி கிளம்பியது, அப்போது டேங்க்கில் டீசல் எவ்வளவு, கடைசியாக யார் எதைக் கழற்றி மாட்டினார்கள். போனில் இதைச் சொன்னீர்கள் என்றால் உங்கள் மெக்கானிக் சரியான சாமானோடு வருவார்.

டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

டீசல் போகும் வழி சுருக்கமாக இதுதான். டேங்க், அதன் அடியில் காக் (டீசலைத் திறந்து மூடும் திருகு), அங்கிருந்து பைப் வழியாக ஃபீட் பம்ப் (டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்), பிறகு இரண்டு ஃபில்டர், பிறகு பெரிய பம்ப் (முதலில் சொன்ன டீசல் பம்ப்), நாசில். இதில் ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம், பின்னால் இருப்பது தள்ளும் பக்கம். இந்த வித்தியாசம் மனதில் நன்றாகப் பதிய வேண்டும். தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் இன்ஜின் ஓடும்போது காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் போகலாம். "எங்கேயும் லீக் இல்லண்ணே" என்று அடித்துச் சொல்பவரின் வண்டியில்தான் நிறைய முறை ஏர் புகுந்திருக்கும்.

வேலை தொடங்கும்முன் கியரை நியூட்ரலில் போட்டு, பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ-வை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். ஷெட்டுக்குள் என்றால் கதவைத் திறந்துவிடுங்கள்.

முதலில் டேங்க் மூடி. அதில் ஒரு சின்ன மூச்சுத் துவாரம் உண்டு. டீசல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். துவாரம் அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் ஏறும். ஃபீட் பம்ப் இழுக்க இழுக்க டேங்க் திருப்பி இழுக்கும். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் ஊய் ஊய் என்று நின்றுவிடும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் எங்கேயோ மெல்லக் காற்று புகுந்து சமமாகிவிடும், வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மறுபடி அரைமணியில் நிற்கும்.

வடுவூர் பக்கம் ஒரு பெரியவரின் வண்டி மூன்று நாள் இப்படியே நின்று நின்று போயிருக்கிறது. இரண்டு ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது, பம்ப்பைக் கழற்ற ஸ்பானரும் எடுத்தாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி அப்போதுதான் நின்றிருந்தது. மூடியைத் திருகினேன். ஸ்ஸ் என்று பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். அங்கே நின்ற ஐந்தாறு பேருக்கும் கேட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) வாரி அடித்த சேறு அந்தத் துவாரத்தில் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. ஒரு ஊசியும் கொஞ்சம் டீசலும்தான் வைத்தியம். பெரியவர் அந்த மூடியை வாங்கி நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, வண்டி நின்ற அந்த நிமிடமே மூடியைத் திறந்து காது கொடுங்கள். மூடி தொலைந்துபோய் பாலித்தீன் பையைக் கட்டி ரப்பர் போட்டிருக்கிறீர்கள் என்றாலும் இதே நோய் வரும். அதோடு மழைத்தண்ணீரும் உள்ளே போகும்.

மூடி சரி என்றால் டேங்க்குக்குள் பாருங்கள். பகலில் செல்போன் டார்ச் போதும், தீக்குச்சி கூடாது. இலை, உமி, துணிப்பிசிறு, ரப்பர் துண்டு எல்லாம் எடுத்திருக்கிறேன். மறக்க முடியாதது ஒன்று. புதுக் கேன் வாங்கினால் மூடிக்கு அடியில் வட்டமாக ஒரு அலுமினியத் தாள் சீல் இருக்குமே, அது கிழிந்து டீசலோடு டேங்க்கில் விழுந்திருந்தது. இன்ஜின் ஓடும்போது இழுப்பில் மெல்ல மெல்ல நகர்ந்து போய் வெளிவாய் மேல் ஒட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும். இழுப்பு போனதும் தாள் விலகிவிடும், வண்டி கிளம்பும். இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஃபீட் பம்ப்புக்கு வரும் பைப்பைக் கழற்றிக் காக்கைத் திறங்கள். டீசல் முதலில் நன்றாக விழுந்து போகப்போக இளைத்தால் வெளிவாயில் ஏதோ வந்து உட்காருகிறது. சைக்கிள் பம்ப்பால் அந்தப் பைப் வழியாகத் திருப்பி ஊதினால் மறுபடி நன்றாக விழும். ஆனால் ஊதியதோடு விட்டுவிடாதீர்கள். குப்பை உள்ளேதான் இருக்கிறது, நாளைக்குத் திரும்பி வரும். டேங்க்கை வடித்துக் கழுவ வேண்டும். வாயால் உறிஞ்சுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் விபரீதம்.

ரப்பர் ஓஸ் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் ஓஸ்ஸை நான் நீளவாக்கில் கத்தியால் கீறிக் காட்டியிருக்கிறேன். உள்ளே ரப்பர் தோல் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடும்போது டீசல் ஓரமாகப் போய்விடும். ஆக்சிலேட்டர் கொடுத்து இழுப்பு கூடினால் அந்த நாக்கு எழுந்து வழியை அடைக்கும். அதனால் பட்டறை வாசலில் நன்றாக ஓடி, வயலில் மட்டும் நிற்கும். பழைய ஓஸ்ஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மாற்றிவிடுங்கள், டீசலுக்கென்றே விற்கும் ஓஸ்தான் வேண்டும்.

கேன் சோதனையும் கண்ணாடி ட்யூபும்

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன். சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, ஃபீட் பம்ப்பைவிட உயரத்தில், ஓட்டும்போது விழாதபடி இறுக்கிக் கட்டுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம். டேங்க்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு புது ஓஸ்ஸை நேரே ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். ஏர் எடுத்துவிட்டு (பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு; முறை கீழே இருக்கிறது) வண்டியைக் கிளப்பி, வழக்கமாக நிற்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் லோடில் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் கோளாறு டேங்க், காக், பைப் இவற்றில்தான். நின்றால் ஃபீட் பம்ப்போ அதற்குப் பின்னாலோ. நாள் முழுக்க யோசித்தாலும் கிடைக்காத பதில் இதில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும்.

இரண்டாவது ஃபில்டருக்கும் பெரிய பம்ப்புக்கும் இடையே கண்ணாடி போன்ற ட்யூப் ஒரு சாண் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. டீசல் தாங்கும் ட்யூப், இரு பக்கமும் கிளிப் போட வேண்டும், சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கிளப்பியதும் ஒன்றிரண்டு குமிழி போகும், பிறகு தெளிந்துவிட வேண்டும். ஓட ஓடக் குமிழி வந்துகொண்டே இருந்தால் உறிஞ்சும் பக்கம் ஏர் உள்ளே புகுகிறது. இராத்திரி நிறுத்தினால் டீசல் பின்னால் இறங்கிவிடும், காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் ரொம்ப நேரம் அடிக்கும். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் ஏர்தான், வேறு யோசிக்கவே வேண்டாம்.

எங்கே புகுகிறது? பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் காப்பர் வாஷரைத்தான் முதலில் பார்ப்பேன். ஒருமுறை இறுக்கினால் அது கெட்டிப்பட்டுவிடும். அதையே திரும்பப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் படியாது. இறுக்க இறுக்க போல்ட் மரைதான் போகும். புது வாஷர் போடுங்கள். கிடைக்காத ஊரில், பழையதை வண்டியிலிருந்து தள்ளிப் போய்ச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும். எங்கள் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது, இன்றைக்கும் செய்கிறேன். அடுத்தது ஃபீட் பம்ப் மேலுள்ள கை பம்ப். ஏர் எடுத்தபிறகு அதன் குமிழைக் கீழே அழுத்தித் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டாலோ உள்ளே சீல் தேய்ந்திருந்தாலோ அதன் வழியே காற்று போகும். மூன்றாவது, ஃபீட் பம்ப்பின் அடியில் சின்ன ஜல்லடைக் கிண்ணம் உள்ள வண்டிகளில் அதன் ரப்பர் வாஷர்.

ஃபில்டர், தண்ணீர்

ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, கழுவிக் காயவைத்த ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து நிழலில் கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் முத்து முத்தாகவோ பட்டையாகவோ நிற்கும். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கருப்பாக, வழவழவென்று பாசி மாதிரி இருந்தால் டேங்க்கில் வெகுநாளாகத் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். தண்ணீர் கலந்த டீசலில் இன்ஜின் தடுமாறி, வெள்ளைப் புகை விட்டு நிற்கும். பெரிய பம்ப்பின் உள்ளே துருவும் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேனைத் திண்ணை ஓரத்தில் வைப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். இரவில் டேங்க்கை நிறைத்து வைத்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேர்வது குறையும்.

பேப்பர் ஃபில்டரை டீசலில் அலசித் திரும்பப் போடாதீர்கள். அலசும்போது குப்பை உள்பக்கம் போய், நேரே பம்ப்புக்குப் போகிறது. நூற்றுக்கணக்கில் மிச்சம் பிடிக்கப்போய் ஆயிரக்கணக்கில் விடுவது இங்கேதான்.

ஏர் எடுக்கும் முறை தெரிந்திருக்கும், இருந்தாலும் வரிசை முக்கியம். காக்கைத் திறந்து, முதல் ஃபில்டரின் திருகைத் தளர்த்திக் கை பம்ப்பை அடியுங்கள். நுரை நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாமல் கம்பி மாதிரி வரும். அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அப்புறம் இரண்டாவது ஃபில்டர், அப்புறம் பெரிய பம்ப்பின் திருகு. இதிலேயே பெரும்பாலும் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் நாசில் பக்கத்து நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, மேலே துணி போட்டு, செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் இறுக்குங்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாக செல்ஃப் அடிக்க வேண்டாம், ஆறவிட்டு அடியுங்கள். அந்தப் பீச்சலுக்கு நேரே கையையோ முகத்தையோ காட்டவே காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். விரலையே இழக்க வைக்கும் காயம் அது.

கேனில் ஓட்டியும் நிற்கிறது, ஃபில்டர் புதிது, குமிழியும் இல்லை என்றால் ஃபீட் பம்ப்பைப் பாருங்கள். அதன் வெளிவரும் பைப்பைக் கழற்றிப் பாத்திரத்தில் விட்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். துடித்துத் துடித்து வேகமாகப் பீச்ச வேண்டும். சோம்பலாக வழிந்தால் உள்ளே வால்வில் தூசி மாட்டியிருக்கிறது, அல்லது அது தேய்ந்துவிட்டது. கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகும்.

காற்றுப் பக்கம் சிக்கல் குறைவு. ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனர் என்றால் கிண்ணத்தில் சேறாக நிற்கும் ஆயிலைக் கொட்டி, குறி வரைக்கும் புது ஆயில் ஊற்றுங்கள். வைக்கோல் கட்டும் சீசனில் தினமும் பார்க்க வேண்டும். ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் கொடுக்காத நிலையில்) மட்டும் நிற்கும் வண்டிக்கு ஸ்லோ திருகைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். பம்ப்பில் ஈயமுத்திரை போட்ட திருகைத் தொடாதீர்கள்.

கடைசியாகப் பம்ப். உண்மையாகவே பம்ப் தேய்ந்த வண்டி, குறிப்பாக ரோட்டரி பம்ப் உள்ளது, இப்படி நடந்துகொள்ளும்: காலையில் நன்றாகக் கிளம்பும், சூடேறியதும் நிற்கும், ஆறும்வரை கிளம்பாது. டேங்க் மூடி அடைப்பும் இதே மாதிரிதான் தெரியும், அதனால்தான் மூடியை முதலில் பார்க்கச் சொன்னேன். வண்டி நின்ற நிலையில், ஈரத்துணியைப் பிழிந்து பம்ப் மேல் சுற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கிளப்புங்கள். துணி போட்டால் உடனே கிளம்புகிறது, போடாவிட்டால் ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் உள்ளே தேய்மானம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த சந்து வழியாக நழுவிவிடுகிறது. வாளித் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சட்டென்று சுருங்கி உள்ளே பிடித்துக்கொள்ளும்.

இதையும் பார்த்துவிட்டுத்தான் பம்ப்பைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது கியரிலும் பாடியிலும் இருக்கும் குறிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பைப் வாய்களைச் சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள். கடையில் கொடுக்கும்போது "கேனில் ஓட்டிப் பார்த்தேன், குமிழி இல்லை, சூட்டில் மட்டும் நிற்கிறது" என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். திரும்பி வந்ததும் பட்டறை வாசலில் ஓட்டிக் காட்டினால் போதாது. எந்த வயலில், எந்தக் கியரில், எத்தனையாவது நிமிடத்தில் நின்றதோ, அதே வயலில் ரோட்டவேட்டரை இறக்கி இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கூலியைக் கொடுங்கள். நானும் அப்படித்தான் வாங்குகிறேன்.